யாரும் கேட்காத பட்டியல்

போர்க்காலத்தில் எங்கள் கரையில் வள்ளம் இறக்கப் பாஸ் வேண்டும். யார் யார் கடலுக்குப் போகிறார்கள் என்று கொப்பித் தாளில் எழுதி, நேவிக் காவலரணில் கொடுக்க வேண்டும். என் கணவருக்கு எழுத்து வராது. நான் எட்டாம் வகுப்போடு நின்றவள் என்றாலும் சிங்களம் எழுதுவேன். அதனால் அது என் வேலையானது.

போர் முடிந்து இரண்டு வருடத்தில், இனித் தேவையில்லை என்று காவலரணிலேயே சொல்லிவிட்டார்கள். ஊரில் எல்லோரும் விட்டார்கள். நான் விடவில்லை. கொடுக்காத நாளில் ஜீப் சத்தம் கேட்டாலே வாசலுக்கு ஓடுவேன்.

“நேவிக்காரன் உனக்குச் சம்பளம் தாறானோடி? அவனே மறந்திட்டான், நீ விடுறாயில்ல” என்பார் கணவர்.

அந்த நாட்களில்தான் முல்லைத்தீவுப் பக்கத்திலிருந்து ஒருவர் எங்கள் வள்ளத்துக்கு வேலைக்கு வந்தார். மனைவியை ஊரில் விட்டுவிட்டு எங்கள் வளவில் தங்கினார். ஒருநாள் நான் தேத்தண்ணீர் கொடுத்தபோது சொன்னார்:

“அக்கா, என்னை இயக்கம் கட்டாயமாப் பிடிச்சு ஒரு வருசம் சண்டைக்கு வச்சிருந்தது. பிறகு ஆமி புனர்வாழ்வு முகாமில வச்சிருந்து விட்டவங்கள். கடிதம் இருக்கு. இதை ஊருக்குள்ள கதைச்சுப் போடாதேங்கோ.”

கடிதத்தை என் அலுமாரியில் வைக்கத் தந்தார். அன்றிரவு அதைத் திரும்பத் திரும்ப எடுத்து வாசித்தேன். மறைத்தோம் என்று நாளைக்கு என் கணவரைப் பிடித்தால்? மூன்றாம் நாள் பட்டியலில் அவர் பெயருக்குப் பக்கத்தில், புனர்வாழ்வு பெற்றவர், கடிதம் உண்டு என்று எழுதினேன். உள்ளதை எழுதினால் அவருக்கும் பாதுகாப்பு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வழமையாகத் தாளை மேசையில் போடும் நேவிக்காரர் அன்று அதை இரண்டு தரம் வாசித்தார்.

அந்தக் கிழமை முடிவதற்குள் ஜீப் வந்தது. நாங்களும் அவரும் வலையிலிருந்து மீன் கழற்றிக்கொண்டிருந்தோம்.

“சும்மா ஒரு வாக்குமூலம்தான்” என்றார் வந்தவர்களில் ஒருவர்.

“அக்கா, அந்தக் கடிதத்தை எடுத்துத் தாங்கோ” என்று முல்லைத்தீவுக்காரர் என்னைக் கேட்டார்.

ஓடிப்போய் எடுத்து வந்தேன். அதை யாரும் வாங்கவில்லை. அதிகாரியின் கோப்பில் என் கையெழுத்தோடு நீலக் கோடு போட்ட கொப்பித் தாள் ஒன்று இருந்தது. நான் பார்த்தேன். முல்லைத்தீவுக்காரரும் பார்த்தார். கையில் ஒட்டிய செதிலைக்கூடக் கழுவ விடாமல் ஏற்றிப் போனார்கள்.

பயங்கரவாதத் தடைச் சட்டம் என்றார்கள். போர் இல்லை, ஆனாலும் சட்டம் இருந்தது. வழக்கும் இல்லை, விடுதலையும் இல்லை. பதினொரு மாதம். இடையில் அவருடைய மனைவி பஸ் மாறி மாறி வந்து என் குசினியில் உட்கார்ந்து கேட்டாள்:

“ஆரக்கா சொல்லிக் குடுத்தது? உங்களுக்குத் தெரியாமல் இருக்காது.”

“தெரியாது பிள்ளை” என்றேன். அவளுக்குப் பாணும் மீன் குழம்பும் வைத்தேன். அவள் எனக்கு நன்றி சொல்லிப் போனாள்.

ஒன்றுமில்லை என்று அவரை விட்டபோது, உடுப்புப் பையை எடுக்க வந்தார். மெலிந்திருந்தார். கதிரையில் இருக்கச் சொன்னேன், இருக்கவில்லை. மன்னிப்புக் கேட்க வாய் எடுத்தேன். தேத்தண்ணீர் குடிக்கிறீங்களோ என்றுதான் கேட்டேன்.

“அக்கா, நான் இண்டைக்கு வந்ததையும் எழுதுவீங்களோ?”

குத்திக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

“இல்ல தம்பி. சத்தியமா இல்ல.”

“எழுதுங்கோ. எழுதாட்டி பிறகு உங்களுக்குத்தான் கரைச்சல்” என்று சொல்லிவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தார்.

நான் எழுதவில்லை. ஆனால் அன்று பகல் முழுக்க, எழுதாமல் விட்டதால் என்ன வருமோ என்று வாசல் படலையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.