மஞ்சள் துணியில் கட்டிய கீபோர்டு

ராப் பாடுகிற கிறிஸ்தவப் பையன் ஒருவன் வெறுங்காலோடு மலையைச் சுற்றினானாம், மொட்டையும் போட்டுக்கொண்டானாம் என்ற சேதி ராஜேந்திரனுக்கு ஒரு திங்கட்கிழமை காலை வந்து சேர்ந்தது. அவலூர்பேட்டை ரோட்டில் இருந்த தன் ஜெராக்ஸ் கடையில் ஒருவருடைய ரேஷன் கார்டை நகலெடுத்துக்கொண்டிருந்தான்.

"நான் பாக்கலபா. எங்க மச்சான் சொன்னாரு. அவருக்கு டீக்கடையில யாரோ சொன்னாங்களாம்" என்றார் ரேஷன் கார்டுக்காரர். "தலைமேல சாமி பொட்டி வேற. மஞ்சத் துணி கட்டி. பொம்பளைங்கள்லாம் தொட்டுத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கினாங்களாம்."

ராஜேந்திரன் மெதுவாகத் தன் தலையைத் தடவிப் பார்த்தான். முடி இருந்தது. மொட்டை ஒன்றுதான் பொய், மீதியெல்லாம் நடந்தது.

"ரெண்டு காப்பியாங்க, மூணுங்களா?" என்று மட்டும் கேட்டான்.

அது 2003, நவம்பர். ராஜேந்திரனுக்கு அப்போது இருபத்தேழு வயது. சத்துணவுக்கூடத்தில் சமைக்கிற மணியம்மாளின் ஒரே பிள்ளை. பத்தொன்பது வயதில் டி.டி.பி. படிக்கச் சென்னைக்குப் போனவன், ஞானஸ்நானமும் நூறு தாளங்கள் அடங்கிய ஒரு கீபோர்டும் வாங்கிக்கொண்டு ஆபேல் ராஜேந்திரனாகத் திரும்பி வந்தான். ஆண்டவரைப் பற்றி ராப் பாடுவது என்று முடிவு செய்திருந்தான். ராப் பாடுகிறவர்கள் வழக்கப்படி "எம்.சி. ஆபேல்" என்று கடைக் கண்ணாடியில் ஸ்டிக்கர் ஒட்டினான். பட்டா நகலெடுக்க வந்தவர்கள் அவனை முனிசிபல் கவுன்சிலர் என்று நினைத்துக்கொண்டு தெருவிளக்கு எரியவில்லை என்று மனு கொடுத்துவிட்டுப் போனார்கள்.

*ஆட்டோக்கார அண்ணே கொஞ்சம் நில்லு நில்லு*
*ஆண்டவரு வீட்டுக்கு ரூட்டு சொல்லு*

இதுதான் அவனுடைய முதல் பாட்டு. முதல்முறை சபையில் பாடியபோது பின்வரிசைப் பெரியவர் ஒருவர் பக்கத்திலிருந்தவரிடம், "எதை ஏலம் வுடறாங்க?" என்று விசாரித்தார்.

ஜில்லாவில் அவனைத் தவிர இன்னும் ஒருவன் இருந்தான், கீழ்பென்னாத்தூர் செழியன். மேடைப் பெயர் சீயோன் செழியன். ராஜேந்திரனைவிட மூன்று வயது சின்னவன், ஒரு சாண் உயரமானவன். 2001 கிறிஸ்துமஸ் சமயத்தில் போளூரில் ஒரு சபையார் தவறுதலாக இருவரையும் ஒரே கூட்டத்துக்கு அழைத்துவிட்டார்கள். இருவரிடமும் ஒரே கம்பெனி கீபோர்டு. ராஜேந்திரன் நாற்பத்தேழாம் நம்பர் தாளத்தைப் போட்டுப் பாடிவிட்டு இறங்கினான். செழியன் ஏறி அதே நாற்பத்தேழைப் போட்டான். பழைய பாட்டுத்தான் மறுபடி வருகிறது என்று சனங்கள் பந்திக்கு எழுந்து போய்விட்டார்கள்.

அன்று பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது செழியன்தான் முதலில் பேசினான்.

"அண்ணே, நம்ம ஜில்லாவுலயே ராப்பு பாடறவன் ரெண்டே பேரு. நாமளும் அடிச்சிக்கினா அப்பறம் யாருண்ணே மிச்சம்?"

"கேக்கறவனும் ரெண்டே பேருதான்டா. எனக்கு அந்தக் கவலை."

டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, ஒரு நோட்டீஸின் பின்பக்கத்தில் விதிகள் எழுதினார்கள். யாருக்கு அழைப்பு வந்தாலும் ஒத்துக்கொள்ளுமுன் மற்றவனுக்குப் போன் போட வேண்டும். ஒருவனுக்குத் தொண்டை கட்டினால் மற்றவன் போய்ப் பாட வேண்டும், ஆனால் அடுத்த வருஷத்து அழைப்பைக் கையோடு வாங்கி வந்துவிடக் கூடாது. ஒருவனுடைய டிராக் சிடியை, அதாவது பாட்டுக்குப் பின்னால் ஓடுகிற இசையை, மற்றவன் தன் கண்ணைப்போலக் காக்க வேண்டும். கடைசி விதியைச் சேர்க்கச் சொன்னது செழியன். சபைக்காரர்களிடம் ஒருவனைப் பற்றி ஒருவன் குறை சொல்லவே கூடாது.

"உண்மையா இருந்தாக்கூடவா?" என்று கேட்டான் ராஜேந்திரன்.

"உண்மையா இருந்தா சுத்தமா சொல்லக்கூடாதுண்ணே. பொய்யின்னாலாவது மறுத்துடலாம்."

ஜெராக்ஸ் கடை கையில் இருந்ததால் ராஜேந்திரன் அதை இரண்டு பிரதி எடுத்து லேமினேஷனும் போட்டுவிட்டான். ஆளுக்கு ஒன்று.

அந்தக் கடைசி விதி முதல் வருஷமே அவன் தொண்டையில் முள்ளாக நின்றது. செழியனுக்குக் குரல் கணீரென்று இருக்கும், ஆனால் கீபோர்டில் இரண்டு கட்டையைச் சேர்த்து அமுக்கத் தெரியாது. அதனால் அவனுடைய டிராக்குகளையும் ராஜேந்திரன்தான் கடையின் பின்னறையில் உட்கார்ந்து செய்து கொடுத்தான். செழியனோ மேடை ஏறியதும் கண்ணை மூடி, "இந்த இசைய கர்த்தர் எனக்கு மூணு நாள் உபவாசத்துல குடுத்தாரு" என்று சாட்சி சொல்வான். மூன்று நாள் என்பது சரிதான். ஆனால் உட்கார்ந்தது ராஜேந்திரன். அவன் உபவாசமும் இல்லை, மூன்று வேளையும் மணியம்மாள் சோறு கொண்டுவந்து வைத்தாள். சபையார் செழியனுக்கு "அல்லேலூயா" சொல்லும்போதெல்லாம் ராஜேந்திரன் சட்டைப் பையிலிருந்த லேமினேஷனைத் தொட்டுப் பார்த்துக்கொள்வான்.

இப்போது மலையைச் சுற்றிய அந்தச் சனிக்கிழமைக்கு வருவோம். மதியம் ஒரு மணிக்குக் கடைக்குச் செழியனிடமிருந்து போன் வந்தது.

"அண்ணே, மோசம் போயிட்டேண்ணே. அடி அண்ணாமலைல ஒரு புது வூட்டு ஜெபம். சிடிய நேத்து உங்க கடையிலயே வுட்டுட்டு வந்துட்டேன்."

"எத்தினி மணிக்குடா?"

"நாலரைக்கு."

"இன்னிக்கு என்ன நாளு தெரியுமா?"

"சனிக்கெழமண்ணே."

"பௌர்ணமிடா!"

"வூட்டுக்காரரு பெங்களூர்லேர்ந்து லீவுல வந்தவருண்ணே. அவருக்குக் காலண்டர்ல சனிக்கெழமைதான் தெரிஞ்சிச்சு. எனக்கு சத்தியமா…"

பௌர்ணமியன்று மலை சுற்ற வருகிற கூட்டத்தால் ஊருக்குள் பஸ் கிடையாது, ஆட்டோ நகராது, சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டுதான் போக வேண்டும். உள்ளூரில் நாள் குறிக்கிற எந்தச் சபையும் மறக்காத விஷயம் அது. ராஜேந்திரன் திட்டி முடித்துவிட்டுக் கிளம்பினான். சிடி சட்டைக்குள் போயிற்று. கரண்டு போய்விட்டால் என்ன செய்வது என்று நினைத்து, செல் போட்டு ஓடுகிற கீபோர்டையும் பெட்டியோடு எடுத்துக்கொண்டான். தூறல் போட்டது. மணியம்மாள் கைக்கு அகப்பட்ட துணியால் பெட்டியைச் சுற்றிக் கட்டித் தலையில் ஏற்றிவிட்டாள். அது அவள் கோயிலுக்கென்று வைத்திருந்த மஞ்சள் துணி.

செங்கம் ரோடு திரும்பியதும் செருப்பின் வார் அறுந்தது. குனிந்து எடுக்க வழியில்லை, பின்னால் ஆயிரம் பேர். சற்று தூரம் போவதற்குள் ஒரு அம்மா பெட்டியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அவளைப் பார்த்து அவள் பின்னால் வந்தவர்களும் ஒற்றிக்கொண்டார்கள். "எந்த ஊரு சாமி?" என்று ஒருவர் பயபக்தியாகக் கேட்டார். "கீபோர்டுங்க" என்றான் ராஜேந்திரன். அவர் அதற்கும் கும்பிட்டார். ஒரு லிங்கத்துக்கு அருகில் தொண்டர் ஒருவர் வரிசையாக எல்லோர் நெற்றியிலும் திருநீறு பூசிக்கொண்டே வந்தார். ராஜேந்திரனின் இரண்டு கையும் தலைக்கு மேலே இருந்தன. அன்னதானப் பந்தலில் தொன்னையில் சுடச்சுடப் பொங்கலை நீட்டி, "ஒரு கையால பொட்டிய புடிச்சிக்கினு சாப்புடு சாமி" என்றார்கள். மதியம் சாப்பிடாமல் கிளம்பியவன். சாப்பிட்டான்.

நிமிர்ந்தால் எதிரே அன்புச்செல்வி அக்கா. சபையில் பெண்கள் ஜெபக்குழுவை நடத்துகிறவர். பௌர்ணமிக்குப் பௌர்ணமி வீட்டுக்காரரோடு சேர்ந்து கிரிவலப் பாதையில் டீயும் தண்ணீர்ப் பாக்கெட்டும் விற்பார். வியாபாரம் வியாபாரம்தானே, அதை யாரும் குறை சொன்னதில்லை. அவர் திருநீற்றைப் பார்த்தார், தொன்னையைப் பார்த்தார், மஞ்சள் துணியைப் பார்த்தார், கடைசியில் வெறுங்காலைப் பார்த்தார்.

"ஆபேல் தம்பி?"

"அக்கா, நான் வந்து…" என்பதற்குள் கூட்டம் அவனைத் தள்ளிக்கொண்டு போய்விட்டது.

நாலு இருபதுக்கு அடி அண்ணாமலை போய்ச் சேர்ந்தான். செழியன் ஓடிவந்து, "அண்ணே, நெத்தியில…" என்று தன் கைக்குட்டையாலேயே துடைத்துவிட்டான். நினைத்தபடியே இரண்டாம் பாட்டில் கரண்டு போயிற்று. ராஜேந்திரன் சமையற்கட்டில் அண்டாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கீபோர்டு வாசிக்க, முன்கூடத்தில் செழியன் உபவாச சாட்சி சொன்னான். திரும்பும்போது வந்த வழியே போகலாமென்று பார்த்தால் போலீஸ்காரர் தடுத்தார். "எதிர்ல வரக்கூடாது. நேரா போய்க்கினே இரு." நேராகப் போனால் மலையின் மறுபக்கமாக ஊர் வந்துவிடும். அப்படித்தான் சிடி கொடுக்கப் போனவன் பதினாலு கிலோமீட்டரையும் சுற்றி முடித்து வீட்டு வாசலில் நின்றான்.

"முழு சுத்தும் வந்தியா கண்ணு?" என்று மணியம்மாள் திருஷ்டி கழித்தாள். அடுத்த நாள் தெரு முழுக்க அவளே சொல்லிவிட்டாள்.

புதன்கிழமை பாஸ்டர் கூப்பிட்டனுப்பினார். பாஸ்டர் பலராமன் கோபப்படத் தெரியாத மனிதர். அதனால் அவர் முன்னால் நிற்பது இன்னும் கஷ்டம்.

"மொட்டைன்னாங்க. முடி இருக்கே?"

"போடலிங்க பாஸ்டர்."

"சந்தோஷம். மலைய சுத்துனது?"

"போனேங்க. திரும்ப வுடலிங்க. அதனால சுத்துன மாதிரி ஆயிடுச்சுங்க."

"திருநீறு?"

"கை ரெண்டும் மேல இருந்துச்சுங்க."

"பொங்கல்?"

ராஜேந்திரன் தரையைப் பார்த்தான். "பசிங்க."

பாஸ்டருக்கு உதட்டோரம் துடித்தது. அடக்கிக்கொண்டார். "சரி தம்பி. எதுக்காகப் போன? அதைச் சொல்லிடு, முடிஞ்சிபோச்சு."

அங்கேதான் ராஜேந்திரனின் வாய் கட்டிக்கொண்டது. செழியன் பௌர்ணமி என்று பார்க்காமல் தேதி ஒத்துக்கொண்டான், சிடியை மறந்தான், அந்தச் சிடி கர்த்தர் கொடுத்ததல்ல, ஜெராக்ஸ் கடையில் செய்தது. எதைச் சொன்னாலும் நாலாவது விதி உடையும்.

"சொல்ல முடியாதுங்க பாஸ்டர்."

பாஸ்டர் பெருமூச்சு விட்டார். டிசம்பரில் ஐந்து ஜில்லா வாலிபர் கூடுகை. அதில் ராப் பாட ஒரே ஒரு இடம், அதை ராஜேந்திரனுக்கென்று வைத்திருந்தார்கள். பாடுகிறவர்களை வைத்து ஒரு சிடியும் போடுகிறார்கள், அட்டையில் பெயரோடு. எத்தனையோ டிராக் செய்தும் எதிலும் அவன் பெயர் அச்சானதில்லை. அந்த அட்டையை அவன் ஏற்கனவே தன் கம்ப்யூட்டரில் நான்கு விதமாக வரைந்து பார்த்திருந்தான்.

"சபை மூப்பருங்க ஒத்துக்க மாட்டேங்கறாங்க. யாராவது ஒருத்தர், இவரு இன்னதுக்குத்தான் போனாருன்னு எனக்குப் போன்லயாவது சொல்லட்டும். ஞாயித்துக்கெழம நாலு மணி. திங்கக்கெழம நோட்டீஸ் பிரஸ்ஸுக்குப் போகுது. இல்லன்னா செழியன் பேரத்தான் போடணும்."

வீட்டில் மணியம்மாள், "நான் வந்து சொல்றேன்டா, எம்புள்ள பயபக்தியோடதான் சுத்துனான்னு" என்று புடவை மாற்றக் கிளம்பினாள். "தாயே, நீ வூட்டுலயே இரு" என்று கையெடுத்துக் கும்பிட்டான்.

செழியனிடம் போன் கிடையாது. அவன் வீட்டுக்குப் பக்கத்து டெய்லர் மூர்த்தியின் கடைக்குப் பேசி விஷயத்தைச் சொல்லி, பாஸ்டர் நம்பரையும் நேரத்தையும் கொடுத்தான். வெள்ளிக்கிழமை மறுபடி பேசினான்.

"சொல்லிட்டேன் சார்" என்றார் மூர்த்தி. "நின்னு கேட்டுக்கினான். ஒண்ணும் பேசல. தலைய தொங்கப் போட்டுக்கினு போயிட்டான்."

அன்றிரவு ராஜேந்திரன் லேமினேஷனை எடுத்து வரிவரியாகப் படித்தான். வாயை மூடிக்கொள்ள ஒரு விதி இருந்தது. மற்றவனுக்காக வாயைத் திறக்க ஒரு விதியும் இல்லை. செழியன் சும்மா இருந்தாலே போதும், இடம் அவனுக்கு. எழுதிய ஒரு விதியும் உடையாது. இப்படியா ஓட்டையாக எழுதுவது என்று தன்மேலேயே எரிச்சல் வந்தது.

ஞாயிறு, நாலு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போதே பாஸ்டர் அறையில் போய் உட்கார்ந்துவிட்டான். மேஜைமேல் போன் இருந்தது. பக்கத்தில், கூப்பிடுகிறவரின் நம்பரைக் காட்டும் சின்னப் பெட்டி. நாலு அடித்தது. போன் அடிக்கவில்லை.

"சரி தம்பி" என்றார் பாஸ்டர் வருத்தத்தோடு. "மூப்பருங்களுக்குச் சொல்றதுக்கு முன்னாடி ஒரு சின்ன ஜெபம் பண்ணிடலாம்."

பாஸ்டரின் சின்ன ஜெபம் ஜில்லா முழுக்கப் பிரசித்தம். வானமும் பூமியும் உண்டானதற்கு ஸ்தோத்திரம் சொல்லி ஆரம்பிப்பார், பிறகு தாலுகா தாலுகாவாக வருவார். நடுவில் யார் கண் திறந்தாலும், யார் எழுந்தாலும் அவருக்கு மனசு உடைந்துவிடும். ஜெபத்தின்போது ஒருமுறை கூரை ஒழுகியபோதுகூடச் சபை நனைந்துகொண்டேதான் இருந்தது.

இருவரும் கண்களை மூடினார்கள். பாஸ்டர் செய்யாறைத் தொட்ட நேரம், போன் அடித்தது.

ராஜேந்திரன் ஒரு கண்ணை மட்டும் நூலளவு திறந்தான். பெட்டியில் வந்த நம்பர் டெய்லர் கடையுடையது இல்லை. ஞாயிற்றுக்கிழமை மூர்த்தி கடை திறக்க மாட்டார். அது கீழ்பென்னாத்தூர் பஸ் நிறுத்தத்தில் தொங்குகிற ஒரு ரூபாய் போன். இரண்டு வருஷமாக ஒவ்வொரு தேதிக்கும், "அண்ணே, இந்த நாளு உங்களுக்கு வேணுமா?" என்று விதிப்படி கேட்டு வந்த நம்பர். தூக்கத்தில் எழுப்பினாலும் ராஜேந்திரன் அதைச் சொல்லுவான்.

பாஸ்டர் மணிச் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்தி வந்தவாசிக்குப் போனார். போன் நின்றது. எடுக்காவிட்டால் அந்தப் போனில் காசு கீழே விழும். செழியன் குனிந்து எடுக்கிறான், துடைக்கிறான், போடுகிறான் என்று ராஜேந்திரன் மனசுக்குள் கணக்கு வைத்தான். சரியாக அந்த இடத்தில் போன் மறுபடி அடித்தது.

ஜெபத்தை எப்படியாவது முடிவுக்குக் கொண்டுவர வேண்டுமென்று ராஜேந்திரன் அடிவயிற்றிலிருந்து, "ஆமென்!" என்றான்.

பாஸ்டரின் குரல் நெகிழ்ந்தது. பையன் உடைந்துவிட்டான், மனம் திரும்பிவிட்டான் என்று நினைத்தாரோ என்னவோ, அவன் தலைமேல் இரண்டு கையையும் வைத்து, முடிக்கப்போன ஜெபத்தை ஆரணியிலிருந்து புதிதாகத் தொடங்கினார். அவன் தலை அசைய முடியாதபடி அவர் கைகளுக்குள் இருந்தது. மேஜைமேல் போன் அடித்துக்கொண்டே இருந்தது.