ஏழாம் மாதத்து வளையல்

பாகலூர் சாலையில் கார்களுக்கு வயர் கட்டும் அந்தக் கம்பெனியில் பெண்கள் கையில் ஒரு வளையல்கூட இருக்கக் கூடாது. மோதிரம் கூடாது, கொலுசு கூடாது, தாலியைக்கூடச் சட்டைக்குள் தள்ளிக்கொள்ள வேண்டும். வாசலில் செக்யூரிட்டி அம்மா தடவிப் பார்த்துத்தான் உள்ளே விடுவாள். அதே கம்பெனியில், கர்ப்பமான பெண்ணுக்கு ஏழாம் மாதம் பிறந்ததும் கேன்டீனில் வைத்து வளையல் போடுகிற வழக்கமும் இருந்தது. இந்த இரண்டையும் சேர்த்து வைத்து யோசிக்க கெசியாவுக்கு இரண்டு வருடம் ஆனது.

கெசியா திசையன்விளைப் பக்கத்துப் பெண். எபினேசரைக் கட்டிக்கொண்டு ஓசூர் வந்தவள். அவன் ஒரு வார்ப்பட ஆலையில் கான்ட்ராக்ட் ஆள். இவள் வயர் கட்டுகிற லைனில் நிரந்தரம். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. வேலையில் கை அவ்வளவு வேகம். லைன் லீடர் தங்கமணி பாகலூரிலேயே பிறந்து வளர்ந்தவள், தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றிலும் திட்டுவாள். அவள் கெசியாவை மட்டும் திட்டியதில்லை.

வளையல் போட்ட நாள் கெசியாவுக்கு நன்றாக நினைவிருக்கிறது. புளிசாதம், எலுமிச்சை சாதம், தேங்காய் சாதம் என்று ஆளுக்கொன்று கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். பிளாஸ்டிக் நாற்காலிக்கு யாரோ துப்பட்டா விரித்திருந்தார்கள்.

"கை நீட்டுடி. உங்க சர்ச்சுல இதெல்லாம் வேணாம்னு சொல்லுவாங்களா?" என்றாள் தங்கமணி.

"சொன்னா சொல்லட்டும்க்கா. அவியளா வந்து பிள்ள பெறப் போறாவ?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அப்போது புதிதாகச் சேர்ந்திருந்த சக்தி முண்டியடித்துக்கொண்டு முன்னால் வந்தாள். "அக்கா, மிச்சம் இருக்கறதுல எனக்கு ரெண்டு போடுங்க. மாப்ள வரட்டும்."

"மாப்ள வர்றதுக்கு மொதல்ல நீ டயத்துக்கு ஷிப்டுக்கு வாடி," என்றாள் தங்கமணி.

இரண்டு கையிலும் முழங்கைவரை சிவப்பும் பச்சையுமாகக் கண்ணாடி வளையல். பிரசவம் ஆகிறவரை கழற்றக் கூடாது. அந்தக் கையோடு லைனுக்குத் திரும்பவும் முடியாது. ஆகவே வளையல் போட்ட அன்றே வேலையிலிருந்து நின்றுவிடுவது என்பது அங்கே யாரும் சொல்லித்தராமல் எல்லோருக்கும் தெரிந்த விஷயமாக இருந்தது. முன்னால் போனவர்கள் அப்படித்தான் போனார்கள். போகிறவளைத் தங்கமணியே ஆபீஸ் வரைக்கும் கைபிடித்துக் கூட்டிப்போவாள்.

ஆபீஸில் அசோக்குமார் சார் டீ வரவழைத்தார். ஆள் சேர்ப்பது, அனுப்புவது எல்லாம் அவர் பொறுப்பு. நாற்காலியை அவரே இழுத்துப் போட்டார்.

"வளையலோட உள்ள விட்டா சேப்டிக்காரங்க என்னைத் தூக்கிருவாங்கம்மா. கழட்டவும் கூடாதுங்கறீங்க. வேலையை விடறேன்னு ரெண்டு வரி எழுதிக் குடுத்துட்டு நிம்மதியாப் போங்க. குழந்தை பொறந்தப்புறம் வாங்க, கதவு தெறந்தேதான் இருக்கும்."

கெசியா எழுதிக் கொடுத்தாள். கையெழுத்துப் போடும்போது வளையல்கள் மேசைமேல் இடித்துச் சத்தம் போட்டன. "அழகா இருக்கும்மா," என்றார் அசோக்குமார். நல்ல மனுஷன் என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டாள். யாரும் அவளை மிரட்டவில்லை, ஏமாற்றினார்கள் என்றுகூடச் சொல்ல முடியாது. பிற்பாடு அதுதான் அவளுக்கு ஆறவே இல்லை.

இ.எஸ்.ஐ. அட்டை இனி எதற்கு என்று பழைய செருப்பு டப்பாவில் போட்டுவைத்தாள். வேலை போனால் அட்டையும் செத்துப்போய்விடும் என்பது அவள் கணக்கு. ஊருக்குப் போய்ப் பெண் குழந்தை பெற்றாள். பெனினா என்று பெயர் வைத்தார்கள்.

குழந்தைக்கு மூன்று மாதம் ஆனபோது எபினேசரின் ஆலையில் கான்ட்ராக்ட் ஆட்களை நிறுத்தினார்கள். வீட்டு வாடகை, பால், அவன் அப்பாவின் மருந்து என்று எல்லாம் ஒன்றாக வந்து நின்றது.

"ஏ பிள்ள, நீ போயி வேலையக் கேளு. அம்ம நல்லாப் பாத்துக்கிடுவா. ஒரு நாலஞ்சு மாசந்தான?" என்றான்.

"பால் குடிக்க பிள்ளய எப்பிடிங்க விட்டுட்டுப் போக?"

கடைசியில் குழந்தையை ஊரில் மாமியாரிடம் விட்டுவிட்டுக் கம்பெனிக்குப் போனாள்.

கதவு திறந்துதான் இருந்தது. ஆனால் இந்த முறை கான்ட்ராக்டர் வழியாக. அதே லைன், அதே மேசை, தங்கமணியின் அதே குரல். சட்டையின் நிறம் மட்டும் வேறு. முதல் வாரம் முழுக்கப் பால் கட்டிக்கொண்டு மார்பு கல்லாய் வலித்தது. பாத்ரூமில் போய்ப் பீய்ச்சி ஊற்றிவிட்டு வந்து வயர் கட்டினாள். நாலைந்து மாதம் என்றது ஒன்றரை வருடத்துக்கு மேல் நீண்டுவிட்டது.

பெனினாவை ஓசூருக்குக் கூட்டிவந்தபோது அவள் நன்றாகப் பேசினாள். எபினேசர் போனில் "அம்மா, அம்மா" என்று அழைப்பதைக் கேட்டுக் கேட்டு, ஆச்சியை அம்மா என்றாள். ஆச்சி போனில் "கெசியா" என்று கூப்பிட்டதால் இவளைக் கெசியா என்றாள். குடியிருந்த லைன் வீட்டு அக்கம்பக்கத்தார் அதைக் கேட்டுக் கொஞ்சிச் சிரித்தார்கள். கெசியாவும் கூடச் சேர்ந்து சிரித்தாள். வேறு என்ன செய்வது?

கான்ட்ராக்டரும் அதே அட்டையில்தான் பணம் கட்டினார். குழந்தையின் பெயரை அதில் சேர்த்தால்தான் மருந்தகத்தில் பார்ப்பார்கள் என்று சொன்னதால், லீவு போட்டுவிட்டு இ.எஸ்.ஐ. கிளை ஆபீசுக்குப் போனாள். கவுன்டரில் இருந்த ராஜலட்சுமி மேடம் குழந்தையின் பிறந்த தேதியைக் கம்ப்யூட்டரில் ஏற்றினாள். ஏற்றிவிட்டு நிமிர்ந்தாள்.

"பிரசவத்துக்கு நீங்க எதுவுமே வாங்கலையேம்மா?"

"எதுங்க மேடம்?"

"பிரசவ கால உதவி. ஆறு மாசம் வீட்டுல இருக்க, சம்பளத்துக்குப் பதிலா நாங்க குடுக்கறது."

"நாந்தான் ஏழாம் மாசமே வேலைய விட்டுட்டனே."

"விட்டா என்ன? அதுக்கு முன்னாடி ஒரு வருஷமா உங்க பேர்ல ஒழுங்கா பணம் கட்டியிருக்காங்களே. அதுல எழுபது நாள் வேலை செஞ்சிருந்தாலே போதும். கம்பெனிய விட்டுப் போனாலும் அது உங்களுக்குச் சேர வேண்டியதுதான். அந்த ஆறு மாசம் வேற எங்கயும் வேலைக்குப் போகாம இருக்கணும், அவ்வளவுதான்." அவள் திரையைப் பார்த்தாள். "அது சரி, எதுக்கு விட்டீங்க? விடாம லீவுன்னு சொல்லியிருந்தா திரும்பி அதே வேலைக்குப் போயிருக்கலாமே. லீவுல இருக்கறவங்களை நிறுத்தவும் முடியாது."

"வளையல் போட்டாங்க மேடம்," என்றாள் கெசியா.

ராஜலட்சுமிக்குப் புரியவில்லை. கெசியா விளக்கிச் சொல்லச் சொல்ல, அந்த அம்மாளின் முகம் மாறிக்கொண்டே வந்தது. பின்னால் வரிசையில் நின்றவர் இருமினார்.

"அதை ஒம்பதாம் மாசம் போட்டுக்கக் கூடாதாம்மா? பிரசவத்துக்கு எட்டு வாரத்துக்கு முன்னாலயே லீவு எடுக்கலாமே. லீவுல வீட்டுல உக்காந்து கை நெறையப் போட்டுக்க வேண்டியதுதான?"

"இப்பக் கேட்டா கிடைக்குமா?"

"ஒரு வருஷத்துக்குள்ள கேட்டிருக்கணும். தாண்டிருச்சு. காரணம் சொல்லி இ.எஸ்.ஐ. கோர்ட்டுக்குப் போய்ப் பாக்கலாம். ஆனா நீங்க மூணாம் மாசத்துலயே வேலைக்குச் சேந்துட்டீங்க. சேந்த நாளுக்கெல்லாம் கிடைக்காது." பிறகு கெசியாவைப் பார்த்துக் கேட்டாள். "யாரும் சொல்லலியா?"

பணத்தைப் பற்றி கெசியா நினைக்கவே இல்லை. ஒன்பதாம் மாதம். வெறும் இரண்டு மாதம் தள்ளிப் போட்டிருந்தால் போதும். தொட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கலாம். குழந்தை முதன்முதலில் கவிழ்ந்து படுத்ததை அத்தை போனில் சொல்லித்தான் அவள் கேட்டாள். நேரில் பார்த்திருக்கலாம்.

மறுநாள் லைனில் தங்கமணி நூறு ரூபாய்த் தாளை நீட்டினாள். "வெள்ளிக்கிழம சக்திக்கு வளையல். பெரிய மார்க்கெட்ல நல்லதாப் பாத்து வாங்கிக்கினு வா. உன் கைராசி, பொண்ணு பொறக்கட்டும்."

சக்திக்கு மாப்பிள்ளை வந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. இப்போது ஏழாம் மாதம்.

"வெள்ளிக்கிழம வேணாம்க்கா. ஒம்பதாம் மாசம் போடுவோம்."

"என்னாடி பேசற? ஏழுல போடறதுதான் வழக்கம்."

கெசியா ராஜலட்சுமி சொன்னதை அப்படியே சொன்னாள். தங்கமணி கேட்டுக்கொண்டே இருந்தாள், கையிலிருந்த டேப்பை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தாள்.

"சும்னிரு," என்று கன்னடத்தில் அதட்டினாள். பிறகு குரல் இறங்கியது. "அப்போ நான் கூட்டிக்கினு போயி உட்டவங்கெல்லாம்?"

தங்கமணி நூறு ரூபாயை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டாள். அதன்பிறகு அன்று முழுவதும் அவள் யாரையும் திட்டவில்லை.

சாப்பாட்டு நேரத்தில் சக்திதான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். "உங்களுக்கெல்லாம் போட்டீங்க, எனக்கு மட்டும் இல்லியாக்கா? எங்க மாமியாகிட்ட வேற சொல்லிட்டேன்."

"போடுதோம்ட்டி, உன் வீட்டுக்கே வந்து போடுதோம். அதுவரைக்கும் அசோக்குமார் சார் டீ குடுத்தாலும் குடி. எழுதிக் கேட்டா மட்டும் எழுதாத."

"நெஜமா வருவீங்களா?"

"வருவேன்."

அன்று சாயந்திரம் வீட்டுக்கு வந்ததும் கெசியா செருப்பு டப்பாவைக் கீழே இறக்கினாள். அதில், பிரசவத்துக்குப் பிறகு கழற்றி வைத்த வளையல்கள் செய்தித்தாளில் சுற்றியபடி இருந்தன. பெனினா ஓடிவந்து உட்கார்ந்தாள். ஒவ்வொன்றாக எடுத்துத் தன் சின்னக் கையில் மாட்டினாள், எல்லாம் தோள்வரை ஏறின.

"யாருக்கு இது?"

"உனக்குத்தான் போட்டது. நீ வயித்துல இருந்தப்ப."

குழந்தை யோசித்தாள். ஒரு வளையலைக் கழற்றிக் கெசியாவிடம் நீட்டினாள்.

"இந்தா கெசியா. இத அம்மாவுக்குக் குடு."

கெசியா வாங்கிக்கொண்டாள். பக்கத்து வீட்டில் யாரோ டிவியைச் சத்தமாக வைத்தார்கள். எந்த அம்மாவுக்கு என்று அவள் கேட்கவில்லை.