மென்ஜா கணவாய் தாண்டிய நாள்

பனி சாலையை மூடிக் கிடந்த ஒரு பிப்ரவரியில் குறைமாதத்தில் பிறந்தவள் மென்ஜா. ஒரு வாரம் தாங்காது என்றார்கள், தாங்கினாள். கத்தோலிக்க வீட்டுப் பெண்ணாக இருந்தும், அடுத்த பள்ளத்தாக்கின் புராட்டஸ்டன்ட் பையன் லினார்டைத்தான் கட்டுவேன் என்றாள்; இரண்டு பக்கத்து உறவும் முகத்தைத் திருப்பிக்கொண்டும் அவனையே கட்டினாள். ஆண்களே உட்காரும் ஊர்ச் சீட்டாட்டப் போட்டியில் இரண்டு முறை ஜெயித்து, பரிசாகக் கொடுத்த பன்றித் தொடையைத் தோளில் சுமந்து வந்தாள். நாற்பத்தொன்றாம் வயதில், மூன்றாம் முயற்சியில், ஓட்டுநர் உரிமம் வாங்கினாள். முதல் இரண்டு முறை தவறியதற்குத் தேர்வாளரின் அவசரப் புத்திதான் காரணம் என்று அவளுடைய அக்கா பார்லா இன்றைக்கும் சொல்வாள்.

ஆனால் அறுபத்துமூன்று வயதில் மென்ஜா வீட்டுவண்டியை ஓட்டப் போகிறேன் என்றபோது, பார்லாவே வேண்டாம் என்றாள்.

உள்ளே அடுப்பு, படுக்கை, சாப்பாட்டு மேசை எல்லாம் உள்ள நீள வண்டி அது. கணவாய்ச் சாலைப் பராமரிப்பில் முப்பது வருடம் உழைத்து ஓய்வு பெற்ற லினார்ட், பழையதாக வாங்கியது. ஒவ்வொரு ஜூனிலும் தம்பதி இருவரும் மலையூர்களைச் சுற்றுவார்கள். இன் நதிக்கரையில் இருக்கும் தன் மகள் வீடுவரை பார்லாவும் ஒட்டிக்கொள்வாள். அந்த வருடம் கண் மருத்துவர் லினார்டைப் பார்த்து, புரை அறுவை முடியும்வரை ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டார்.

"அப்ப வித்துடலாம்," என்றான் லினார்ட். "கூர் டவுன்ல ஒருத்தன் கேட்டுக்கிட்டே இருக்கான். நிக்கிற வண்டி துருதான் பிடிக்கும்."

"நான் ஓட்டறேன்."

"மென்ஜா, இது நீ ஓட்டின பால் வேன் இல்ல."

"இதுக்கும் நாலு சக்கரம்தானே? நான் கணவாயைத் தாண்டிட்டா விக்கிற பேச்சை விட்டுடணும். பாதியில திரும்பினா நானே கூருக்குப் போன் போடறேன். ஆனா ஒண்ணு, வளைவுல நீ வாயைத் திறக்கக் கூடாது."

தூசிஸ் ஊரில் கிளம்பும்போது வெயில் பல்லைக் காட்டியது. திஃபன்காஸ்டலில் ஆலங்கட்டி கூரையைத் தட்டியது. மறுபடி வெயில் வந்து தார்ச்சாலை சோற்றுப்பானை போல ஆவி விட்டது. மலையேறத் தொடங்குமுன் பார்லா எல்லா அலமாரிக் கொக்கிகளையும் மாட்டினாள். மாட்டியவற்றை மறுபடி இழுத்துப் பார்த்தாள். பார்லிக் கஞ்சிப் பானையை மடியில் வைத்துக்கொண்டாள். முன்னிருக்கையில் லினார்ட் வாயைத் திறக்கவில்லை. ஆனால் வளைவுக்கு வளைவு அவன் வலது கால் இல்லாத பிரேக்கை மிதித்தது.

"பாத்து, தரையில ஓட்டை விழுந்துடப் போவுது," என்றாள் மென்ஜா.

உச்சிக்குச் சற்றுக் கீழே மழையோடு பனிமூட்டமும் இறங்கியது. வண்டியின் மூக்குக்கு முன்னால் ஒன்றும் தெரியவில்லை. லினார்டால் அடக்க முடியவில்லை.

"பயப்படாதே. பனிக்கம்பத்தை ஒட்டியே போ. வலப்பக்கம் வரிசையா நிக்கும்."

மென்ஜா வேகத்தைக் குறைத்து எட்டிப் பார்த்தாள். "எங்க நிக்குது?"

சாலையின் ஓரம் தெரிவதற்காகக் குளிர்காலத்தில் நடும் கம்பங்கள் அவை. மே மாதம் பிடுங்கிவிடுவார்கள். முப்பது வருடம் அவற்றைப் பிடுங்கியவனே லினார்ட்தான். அவன் காது சிவந்தது.

"மே மாசமே பிடுங்கிருப்பானுங்க," என்றான் மெதுவாக.

பார்லா பின்னாலிருந்து சிரித்துவிட்டாள். "நல்லா வழி காட்டினே போ! அவளையே ஓட்ட விடு."

அந்தச் சிரிப்பு அடங்குமுன் மூட்டத்துக்குள்ளிருந்து மூன்று சுரத்தில் ஹாரன் ஒலித்தது. தபால் பேருந்து. அந்தச் சாலையில் அதற்குத்தான் முதல் உரிமை. அதன் ஓட்டுநர் பின்னால் போ என்றால் எவரும் போயாக வேண்டும். மஞ்சள் முகப்பு வளைவில் முளைத்தது. மென்ஜா சட்டென்று நிறுத்தினாள். என்ஜின் அணைந்துபோனது.

ஓட்டுநர் காஸ்பர் குடையில்லாமல் இறங்கி வந்தான். இளவயதில் லினார்டின் கீழ் பனி தள்ளியவன். கண்ணாடியைத் தட்டி, மென்ஜாவைத் தாண்டி அவனைப் பார்த்துப் பேசினான்.

"லினார்ட் அண்ணே, பின்னாடி ஒதுங்குற இடம் இருக்கு. நீங்க மாறி உக்காருங்க, சட்டுனு முடிச்சிடலாம். ரயிலைப் பிடிக்கிற சனங்க உள்ள இருக்காங்க."

பார்லா பானையை இறுக்கிப் பிடித்தாள். லினார்டின் கை இருக்கைப் பட்டையின் கொக்கிவரை போயிற்று. மென்ஜா அவனைப் பார்க்கவில்லை; ஸ்டியரிங்கை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் கொக்கியை விட்டான்.

"எங்கிட்ட ஏன்டா சொல்றே?" என்றான். "ஓட்டறவ அவ. அவகிட்டச் சொல்லு."

காஸ்பர் தலையைச் சொறிந்தான். "சரிங்க அக்கா. நான் பின்னால நின்னு கை காட்டறேன்."

"காட்டு. ஆனா கத்தாதே."

அவள் சாவியைத் திருப்பினாள். ஜன்னலை முழுக்க இறக்கி, தலையை மழைக்குள் நீட்டி, பின்சக்கரத்தையும் சாலை விளிம்பையும் பார்த்தபடி அங்குலம் அங்குலமாகப் பின்னால் நகர்த்தினாள். ஒரு தடவை விளிம்புக் கல் உரசியது. முன்னால் எடுத்து, நேர் செய்து, மறுபடி பின்னால் போனாள். ஒதுங்கும் இடத்துப் பாறையில் பின்விளக்கின் கண்ணாடி நொறுங்கியது. ஆனால் வண்டி முழுக்க உள்ளே போயிருந்தது. பேருந்து கடந்து போகும்போது காஸ்பர் தொப்பியைத் தூக்கினான்.

"ஒரு விளக்குதான் போச்சு," என்றாள் மென்ஜா. தலைமயிரிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"முதல் வருஷம் நான் ரெண்டை உடைச்சேன்," என்றான் லினார்ட்.

"எங்கிட்டச் சொல்லவே இல்லியே!"

"இப்பத்தான் கேக்கறே."

உச்சியைத் தாண்டி இறங்கியபோது இன் பள்ளத்தாக்கு முழுவதும் வெயில். நதிக்கரைக் கேம்பிங் திடலில் வரவேற்பு மேசைப் பெண், வழக்கம்போலத் தங்குவோர் படிவத்தை லினார்டின் பக்கம் தள்ளினாள். குடும்பத்தில் ஒருவர் கையெழுத்திட்டால் போதும். இத்தனை வருடமும் அவன் பெயர்தான் மேலே இருக்கும். மென்ஜா அடியில், உடன் வருபவர் என்ற வரியில்.

லினார்ட் படிவத்தைத் தொடவில்லை. "நான் உடன் வந்தவன். இதெல்லாம் அவ வேலை."

"அப்ப கூர்க்காரன்?" என்றாள் மென்ஜா.

"அவன் வேற வண்டி பாத்துக்கட்டும்."

மென்ஜா ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு பேனாவை எடுத்தாள். முதல் வரியில், முழுப்பெயரையும் விடாமல், பெரிய எழுத்தில் கையெழுத்திட்டாள். பார்லா எட்டிப் பார்த்துத் தேதியையும் சரிபார்த்தாள்: 2018, ஜூன் 21, வியாழக்கிழமை.