ரூபனை நான் விரும்பினனான்

ரூபன் போயிட்டான். நேற்று விடிய, ஆஸ்பத்திரியில. எலிக்காய்ச்சலாம்... வயல் தண்ணிக்க நிண்டு பிடிச்ச காய்ச்சல்.

ஸ்கந்தபுரத்தில எங்கட வீட்டுக்கும் அவன்ர வீட்டுக்கும் நடுவில ஒரு வாய்க்கால்தான். சின்னனில இருந்தே கூட்டாளியள். இண்டைக்குப் பின்னேரம் அவனை எரிச்சுப்போட்டு வந்து இதை எழுதிறன்.

ஒருக்கா மல்லாவியில வொலிபோல் மட்ச். நான் பந்தை விட்டிட்டன். கரையில நிண்ட ஒருத்தன் என்ர நடையைப் பழிச்சு நடந்து காட்ட, எல்லாரும் சிரிச்சாங்கள்.

ரூபன் பந்தைக் கையில எடுத்துக்கொண்டு நேர அவனிட்டப் போனான். "திரும்ப ஒருக்கா நடந்து காட்டு பாப்பம். நான் பக்கத்தில நிக்கிறன்."

அவன் நடக்கேல்லை. மட்ச்சும் அதோட சரி...

வரேக்க பைக்கில அவனுக்குப் பின்னால இருந்தனான். "என்னடா, பசிக்குதோ?" எண்டு மட்டும் கேட்டான். வழியில கடையில நிப்பாட்டிக் கொத்துரொட்டி வாங்கித் தந்தான்.

போன வருசம் அவனுக்குப் பொம்பிளை பாக்கப் போனது. நானும் போனன். அவன்ர சேட்டை அயன் பண்ணிக் குடுத்ததே நான்தான்.

"பிள்ளை எப்பிடியடா?" எண்டு ரூபன் கேட்டான்.

"நல்ல பிள்ளை" எண்டன். உண்மையா நல்ல பிள்ளைதான்.

சாதகம் பொருந்தேல்லை. எனக்குச் சந்தோசமா இருந்தது. அதையும் எழுதிறன்... ஒளிக்க இனி என்ன இருக்கு.

அவனுக்கு நான் சொன்னதே இல்லை. ஊருக்குப் பயந்து இல்லை. சொன்னா, பிறகு பழைய மாதிரிக் கதைக்காமல் விட்டிடுவானோ எண்டுதான்.

இண்டைக்குச் செத்தவீட்டில அவன்ர பெரியப்பா வந்து தோளில தட்டினார். "தம்பி, கூட்டாளிக்கு இவ்வளவு அழக்கூடாது. பாக்கிறாக்கள் வேற மாதிரிக் கதைப்பினம்."

"கதைக்கட்டும் பெரியப்பா."

ரூபன்ர அம்மா அதைக் கேட்டவா. எழும்பி வந்து என்ர கையைப் பிடிச்சு, அவன்ர தலைமாட்டில கொண்டுபோய் இருத்தினவா. "நீ இதில இரு அப்பன்."

பெட்டி தூக்கும்வரைக்கும் அதிலதான் இருந்தனான். அழுதனான். ஒருத்தரும் எழுப்பேல்லை.

அதால எல்லாரும் வாசிக்கிற மாதிரித்தான் இதைப் போடுறன். நான் ரூபனை விரும்பினனான். நீங்கள் நினைக்கிற அதே மாதிரித்தான்.

அன்ஃப்ரெண்ட் பண்ணுறாக்கள் பண்ணுங்கோ. சிரிக்கிற எமோஜி போடுறாக்கள் சொந்தப் பேரில வந்து போடுங்கோ. எங்கட வீட்டுக்குச் சொல்லப்போறாக்களும் சொல்லுங்கோ, அம்மா வாசிச்சிட்டா.

இதை நான் அழிக்கமாட்டன்.

டேய் ரூபன்... சொல்லிப்போட்டன். போயிட்டு வா.