அக்கா திறந்துவிட்ட குழாய்

ஜூன் 4. குழந்தைகள் உட்காரும் பிளாஸ்டிக் கழிப்பிருக்கை, ஆறு: 1,740.
ஜூன் 11. தரை துடைக்கும் மருந்து: 320.
ஜூன் 15. மறுபடியும் தரை துடைக்கும் மருந்து: 320.
ஆகஸ்ட் 2. தண்ணீர்க் கட்டணம், வழக்கமாக வருவதைப் போல் இரு மடங்கு: 960.

என் மருமகள் நடத்தும் மழலையர் பள்ளிக்குக் கணக்கு எழுதுவது நான். போன வருடத்தின் மேற்படி செலவுகளுக்குக் காரணம் அங்கே வேலை பார்க்கும், எல்லோரும் அக்கா என்று கூப்பிடும் பெண். சோப்புக் கம்பெனியில் பெட்டி கட்டிக்கொண்டிருந்தவர். கம்பெனி மூடியதும் இங்கே வந்தார். இரண்டு வயதுப் பிள்ளைகளை டயப்பரிலிருந்து விடுவிப்பது அவர் பொறுப்பு. திட்ட மாட்டார், கொஞ்ச மாட்டார். பிள்ளையை உட்காரவைத்து, பக்கத்துக் குழாயைச் சன்னமாகத் திறந்துவிட்டு, சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பார். காரியம் முடிந்துவிடும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு தகப்பனார் போன் செய்தார்.

“அக்கா, எங்க வீட்டுக் குழாய்க்கு இவன் மசிய மாட்டேங்குறான். உங்க குழாய்தான் வேணுமாம்.”

அக்கா தன் வீட்டுக் குழாயைத் திறந்து போனை அருகே பிடித்தார். அங்கே வேலை நடந்தது.

சிக்கல் ஒரு பெண் குழந்தையிடம் வந்தது. எல்லோரையும் ஏவுவதால் அவளுக்கு மேனேஜர் என்று பெயர். அவள் அம்மா இந்த ஜூனில் வேலைக்குத் திரும்பியாக வேண்டும். அடுத்துச் சேர வேண்டிய, முழுநாள் நடக்கும் பெரிய பள்ளியிலோ, தனியாகக் கழிப்பறை போகும் பிள்ளைக்குத்தான் இடம். ஏப்ரலில் அங்கே வகுப்பில் அரைநாள் உட்காரவைத்துப் பார்த்தார்கள். மேனேஜர் கடைசிவரை அடக்கிக்கொண்டிருந்துவிட்டு, நேராக அக்காவிடம் ஓடிவந்தாள். அடுத்த மாதம் கூட்டிவரச் சொல்லிவிட்டார்கள்.

“பழக்கினீங்க, சரி. உங்களோடயே கட்டிப்போட்டுட்டீங்களே அக்கா! இடம் கிடைக்கலைன்னா என் வேலை போச்சு,” என்றார் அம்மா.

மறுநாள் அக்கா குழாயைத் தொடவில்லை.

“அக்கா, குழாய்!”

“எனக்குக் கைவேலை இருக்கு. நீங்களே திறந்துக்கோங்க மேனேஜர்.”

அன்று மூன்று கவுன் நனைந்தது. அடுத்த நாள் இரண்டு. அக்கா எல்லாவற்றையும் அலசிக் காயப்போட்டார்; குழாயை மட்டும் திறக்கவில்லை. மேனேஜர் தானே திறக்க ஆரம்பித்தாள். சில நாளில் திறக்கவும் மறந்துபோனாள். அக்கா மட்டும் வழக்கம்போல் சுவரைப் பார்த்து நின்றார்.

“நீ எதுக்கு இங்க நிக்கிற? வெளிய போ.”

“ஏம்மா?”

“நான் வேலையா இருக்கேன்.”

கதவு சாத்தப்பட்டது. கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் அக்கா வெளியே நின்றார்.

மே மாதம் பெரிய பள்ளியில் மறுபடியும் உட்காரவைத்தார்கள். மேனேஜர் எழுந்து போனாள், திரும்பி வந்தாள். துணைக்கு எழுந்த டீச்சரை உட்காரச் சொல்லிவிட்டாளாம். இடம் கொடுத்த கடிதம் மே 29 அன்று வந்தது.