1014-க்குச் சொந்தமான கோப்புகள்

அண்ணாவின் பெயரைச் சர்வரிலிருந்து நீக்கிய அந்தக் காலை இன்னும் கண்ணில் நிற்கிறது. வைட்ஃபீல்ட் அலுவலகத்தில் ஆறு ஆண்டுகள் என் பக்கத்து இருக்கையில் இருந்தவர்; அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். நோயென்று படுத்து இரண்டே மாதத்தில் இறந்துவிட்டார். சர்வர்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. அவர் கணக்கை அழித்ததும், அவருடைய கோப்புகளில் உரிமையாளர் பெயர் இருந்த இடத்தில் 1014 என்று வெறும் எண் நின்றது. சர்வரை ஓட்டும் லினக்ஸுக்கு ஆளைத் தெரியாது, எண்தான் தெரியும். பெயர் நாம் பார்ப்பதற்கு மட்டும். தெரிந்த விஷயம்தான், இருந்தும் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவற்றில் ஒரு ஃபோல்டரை அவர் மட்டுமே திறக்கும்படி பூட்டியிருந்தார். அட்மினான நான் எதையும் திறக்கலாம். "நீ எமன் மாதிரிடா, எந்த வீட்டுக்குள்ளயும் பூந்துடுவ" என்று கிண்டல் செய்வார். அந்தக் கிண்டல் உறுத்தியதால் தொடவில்லை.

ஒரு வாரம் கழித்து விவேக் நகரிலிருந்து அண்ணி வந்தார். "நோவு அவருக்கு முன்னாடியே தெரியுமா தம்பி? ஆபீஸ்ல எதாச்சும் எழுதி வெச்சிருக்காரா?"

"ஒண்ணும் இல்ல அண்ணி" என்றேன். திறந்து பார்க்காமலே சொன்னேன். வெறும் கோழைத்தனம்.

பிறகு ஒரு பெண் வேலையில் சேர்ந்தாள். காலியாகக் கிடக்கிறதே என்று 1014-ஐ அவளுக்குக் கொடுத்தது நான்தான். பழைய கோப்புகள் அங்கேயே இருப்பதை மறந்துவிட்டேன். மத்தியானம் முகம் வெளுத்து வந்தாள்.

"சார், என் பேர்ல ஒரு ஃபோல்டர் இருக்கு. நான் எழுதல. எல்லாம் போன வருஷத் தேதி."

பூட்டு அப்படியே இருந்தது. 1014-க்கு மட்டும் திறக்கும்; இப்போது 1014 அவள். ஒவ்வொரு கோப்பின் எதிரிலும் அவள் பெயர். முதல் கோப்பின் உள்ளே ஒரே வரி: "இன்னிக்கும் அவகிட்ட சொல்ல முடியல." அடுத்ததிலும் அதே வரி. அதற்கடுத்ததிலும். தேதி மட்டும் மாறிக்கொண்டே போனது. இன்றைக்கும் வேலையை விட்டுப் போனவர் எண்ணை நான் யாருக்கும் தருவதில்லை.

பென் டிரைவில் ஏற்றி அண்ணி வீட்டுக்கு எடுத்துப் போனேன். பொய் சொன்னதையும் ஒப்புக்கொண்டேன். மடிக்கணினியில் செருகி, ஒவ்வொரு கோப்பாகக் கடைசிவரை பார்த்தார். அழவில்லை.

"இத யாரு வேணாலும் தொறக்கலாமா?"

"ஆமா அண்ணி. யாரோடதுன்னு பென் டிரைவ் குறிச்சு வெச்சுக்காது. அவர் போட்ட பூட்டு இதுல நிக்காது."

அண்ணி உள்ளறைப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"எப்படியாவது பூட்டிக் குடு தம்பி. நான் பாத்தேன்னு தெரிஞ்சா அவருக்குக் கஷ்டமா இருக்கும்."