வாரை மடித்துப் பார்த்தவர்

முன்பின் தெரியாத ஒருவருடைய கட்டைவிரலை நம்பி, நாலு வயது மகளை மலைச்சாலையில் சைக்கிளில் உட்காரவைத்தது சரியா? இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

விடுமுறைக்கு இலங்கை போயிருந்தோம். தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே, வண்டிகள் அதிகம் வராத சாலை. வாடகைக் கடையில் கணவர் எடுத்த சைக்கிளின் குழந்தை இருக்கையில் மகள் ஏறி உட்கார்ந்துவிட்டாள். "பெல்ட் அறுந்துட்டா இன்னா பண்றது?" என்று பத்தாவது முறையாகக் கேட்டேன்.

"வேலூர் பக்கமா நீ? நான் ஆம்பூரு" என்று, என் பேச்சைக் கேட்ட ஒரு பெண் சிரித்தார். ஐம்பது வயதிருக்கும். சுடிதார், தலையில் இறுக்கிக் கட்டிய துப்பட்டா. ஷூ கம்பெனியில் தோலைச் சோதிக்கும் வேலையாம். தனியாகச் சைக்கிள் ஓட்ட வந்திருந்தார்.

நான் கேட்காமலேயே அந்த பெல்ட்டின் தோல் வாரை மடித்து, மடிப்பைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். "வெடிப்பு இருக்கு. ரிஜெக்ட்." அடுத்த சைக்கிளின் வாரும் ரிஜெக்ட். கடைக்காரர் முகம் சுருங்கியது. மூன்றாவதை நாலு இடத்தில் மடித்தார். "இது பாஸ். கெளம்பும்மா."

"நிஜமாவாக்கா?"

"என்னைப் பார்த்தாலே பேஜாருன்னு கம்பெனியில ஓடுவாங்க. நானே பாஸ் சொல்லிட்டேன், இன்னும் இன்னா?"

கிளம்பினோம். வளைவுக்கு வளைவு மகள் கத்திச் சிரித்தாள். அவர் எங்களைத் தாண்டி மேட்டில் ஏறிப் போய்விட்டார். பெயரைக்கூடக் கேட்கவில்லை.

இப்போது மகள் தனக்கென்று ஒரு சைக்கிள் கேட்கிறாள். வாங்கித் தரத்தான் ஆசை. ஆனால் அதில் வார் கிடையாது. நான் எதை மடித்துப் பார்ப்பது? பிள்ளைகளுக்குச் சைக்கிள் பழக்கியவர்கள் சொல்லுங்களேன்.